இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி சைக்கிள்: வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆடி மாசத்திலிருந்து தண்டையார்பேட்டை வீட்டுக்கும் பாரிமுனை ஆபீசுக்கும் சைக்கிளில்தான் போய்வருகிறேன். போகும்போது ஐந்து கிலோமீட்டர், வரும்போது ஐந்தரை. அந்த அரை கிலோமீட்டர் ஏன் என்று கீழே வரும். எனக்கு 43 வயது. இதற்கு முன்னால் கடைசியாக சைக்கிள் மிதித்தது ப்ளஸ் டூ பரீட்சைக்குப் போனபோது. நடுவில் பஸ், ஷேர் ஆட்டோ, வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் பின்சீட்டு. தெருவிலும் ஆபீசிலும் கல்யாணப் பந்தியிலும் ஆளாளுக்குக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் என்பதால், மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் கழிச்சு ஓட்ட வருமா? மறந்திருக்காதா?

பேலன்ஸ் மறக்கவே இல்லை. மறந்திருந்தது நிறுத்துவது. ஸ்கூல் படிக்கும்போது பிரேக் பிடிக்காத சைக்கிளைச் செருப்பைத் தேய்த்தே நிறுத்திப் பழகிய கால், முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் அதையே செய்தது. எதிர்வீட்டு ஆயா அப்போதுதான் புள்ளி வைத்து முடித்திருந்த கோலத்தின் நடுவே இரண்டு கோடு இழுத்தபடி போய் நின்றேன். "ஏம்மா, உனக்கு வேற தெருவே கெடைக்கலையா" என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் பக்கத்து கிரவுண்டில்தான் பழகினேன்.

அங்கே மூன்று விஷயம் மட்டும் பழகுங்கள், போதும். கையால் பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றி நிற்பது. ஒரு கையை எடுத்துக் காட்டிக்கொண்டே நேராகப் போவது. மூன்றாவதுதான் முக்கியம்: வண்டி வலது பக்கம் சாயாமல் வலது தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்ப்பது. எனக்கு அது வர நான்கு நாள் ஆனது. திரும்பிப் பார்த்தாலே ஹேண்டில்பாரும் கூடவே வந்தது. அது சரியாகும் வரை மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

எந்த சைக்கிள் வாங்கலாம்?

முதலில் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் இரண்டு வருஷமாக அங்கேதான் கிடந்தது, அதன் மேல் பழைய மிக்சியும் ஒரு சாக்குப் பையும். 2001-ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், 2005-06-ல் எல்லாருக்கும் என்று விரிந்தது. அதனால் வடசென்னையில் பல வீடுகளில் ஒரு சைக்கிள் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருக்கும். கூடை, கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் அதிலேயே இருக்கும். புதிதாகக் கடையில் வாங்கினால் இதில் பாதியைத் தனித்தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், கடைக்காரர் 21 கியரில்தான் ஆரம்பிப்பார். நம்ம ஊர் தட்டை. மேடு என்று சொன்னால் பாலங்கள்தான், அதையும் இறங்கித் தள்ளிவிடலாம். தினமும் இருபது கிலோமீட்டர் போகிறவர் வேண்டுமானால் கியர் பற்றி யோசிக்கட்டும். மற்றவர்களுக்கு அது எண்ணெயும் உப்புக்காற்றும் சேர்ந்து கெடுப்பதற்கு இன்னொரு பொருள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த விலை குறைந்த வண்டிகள் பார்க்க ஜம்மென்று இருக்கும், மிதிக்கும்போது பாதி பலத்தை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். நிமிர்ந்து உட்காரும் சாதா வண்டி வாங்குங்கள். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்திலிருந்து இந்த ஊர் அந்த மாதிரி வண்டியைத்தான் ஓட்டுகிறது, காரணம் இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய சைக்கிளைத் துடைத்து காற்றடித்தால் போதாதா?

போதாது. ஓவராயில், அதாவது முழுசாகப் பிரித்துச் சரிசெய்து மாட்டுவது, பண்ணியே ஆக வேண்டும். கடலோரக் காற்றில் இரண்டு வருஷம் நின்ற வண்டியின் உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் மெக்கானிக்குக் கடை என்று கட்டடம் எதுவும் கிடையாது. ஒரு மரப்பெட்டி, ஒரு பம்பு, பாதி தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, அவ்வளவுதான். பின்சக்கர அச்சைக் கழற்றி, உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகளைக் கையில் கொட்டிக் காட்டினார். மிளகு மாதிரி கறுத்துப் போய், இரண்டு மூன்று உடைந்தே இருந்தது. அவற்றை மாற்றி, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கி, பிரேக் கட்டை நான்கும் புதுசு போட்டு, சக்கரத்துக்குப் பெண்டு, அதாவது கோணல், எடுத்துக் கொடுத்தார். பெண்டு எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோணல். அந்த இடத்துக் கம்பியை அரைத் திருகு திருகுவார், மறுபடி சுற்றுவார். கடைசியில் கோடு விழாமல் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்போது நமக்கே ஒரு நிம்மதி வரும்.

டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். செயினுக்கு மாசம் இரண்டு தடவை எண்ணெய், போட்ட பிறகு துணியால் துடைக்கவும் வேண்டும், துடைக்காவிட்டால் ரோட்டு மண்ணெல்லாம் அதில்தான். எவ்வளவு காற்று என்று டயரிலேயே எண் போட்டிருக்கும்.

கன்டெய்னர் லாரி பயமில்லையா?

இருக்கிறது. இருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும், ஆனால் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பது வேறு, அதன் சக்கரம் நம் தோள் உயரத்துக்குப் பக்கத்தில் உருளுவது வேறு.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நாற்பது அடி டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திரும்புவதற்கு முன் டிரைவர் வண்டியைக் கொஞ்சம் வலது பக்கம் ஒதுக்குவார். இடது பக்கம் அழகாக ஒரு இடைவெளி கிடைக்கும். "அண்ணன் நமக்கு வழி விடுறார்" என்று தோன்றும். அந்த இடைவெளிதான் ஆபத்து. இன்னும் ஐந்து விநாடியில் அங்கே பின்சக்கரம் வந்து நிற்கும், டிரைவர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் கேபினுக்கு இடது பக்கம் ஒட்டி நிற்கிற சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது. நின்றுகொண்டிருக்கிற லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில், சிக்னலாக இருந்தாலும் சரி, டிராஃபிக் ஜாமாக இருந்தாலும் சரி, நுழையவே நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். நேரமானால் ஆகட்டும்.

அதே காரணத்துக்காகத்தான் எனக்கு வரும்போது அரை கிலோமீட்டர் கூடுதல். ஒரு பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்புவதற்காக நான்கு வரிசை வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும், நான் அதைச் செய்வதில்லை. நேராகப் போய், அடுத்த தெருவில் இடது பக்கம் புகுந்து, சுற்றி வந்து விடுகிறேன்.

நடுரோட்டில் இறங்கித் தள்ளினால் அசிங்கமாக இருக்காதா?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் ராயபுரம் பாலத்துக்குக் கீழே ஒரு பெரியவரைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும். கேரியரில் டீ கேன், ஹேண்டில்பாரில் பிஸ்கட் பாக்கெட் பை, பேப்பர் கப் சரம். பாலம் ஏறுவதற்குப் பத்தடி முன்னாலேயே, மூச்சு வாங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டார். ஓரமாகத் தள்ளிக்கொண்டு மேலே போனார், உச்சியில் ஏறி உட்கார்ந்தார், இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி இறங்கினார். கீழே சந்திப்பில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி இறங்கி, ஜனங்களோடு ஜனமாக நடந்து கடந்து, அந்தப் பக்கம் ஏறினார். இத்தனைக்கும் அவர் முகத்தில் எந்த அவசரமும் இல்லை. நான் மூச்சிரைக்க மிதித்து அவரைத் தாண்டிப் போயிருந்தேன். அப்புறம் ஒரு குறுக்குச் சந்தில் போக்குவரத்தில் மாட்டி நின்றபோது பார்த்தால், அவர் என்னைத் தாண்டிப் போய் டீ விற்றுக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் என்றைக்குமே நின்றுபோகவில்லை. பேப்பர், பால், டீ, காசிமேட்டுக்கு விடிகாலையில் போகிறவர்கள், வெல்டிங் கடைக்குப் போகிறவர்கள் என்று ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். விட்டுவிட்டுத் திரும்பி வந்தது நாம்தான். எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்பதை யூடியூபில் தேடுவதைவிட அவர்கள் பின்னால் ஒரு வாரம் போனால் தெரிந்துவிடும். இறங்கித் தள்ளுவதும் ஓட்டுவதில் சேர்த்திதான்.

எந்த ரோட்டில் போகலாம், எது வேண்டாம்?

எண்ணூர் விரைவுச்சாலையும் மணலி பக்கத்து லாரி ரோடுகளும் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். மூலக்கடையிலிருந்து புழல் போகும் ஜி.என்.டி. ரோடும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்றால் மட்டும் யோசிக்கலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை பரவாயில்லை. டோல்கேட்டுக்கு வடக்கே, 2021-ல் திறந்த மெட்ரோ தலைக்கு மேலே போவதால், தேரடி வரை விட்டு விட்டு நிழல் கிடைக்கும். ஆனால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கைகாட்டினால் எந்த இடத்திலும் இடது பக்கம் வெட்டுவார்கள். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு வண்டி நீளம் இடம் விடுங்கள், அதை ஓவர்டேக் பண்ணுவதாக இருந்தால் வலது பக்கம்தான்.

உள்தெருக்கள்தான் நமக்கு. பழைய வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் கோடு போட்ட மாதிரி தெருத்தெருவாக இருப்பதால், மெயின் ரோட்டுக்கு இணையாக ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். காசிமேடு பக்கம் காலையில் போனால் மீன் கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் ரோட்டில் இருக்கும், அதன் மேல் பிரேக் பிடித்தால் நேராகத் தரைதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மூடியிருந்தால் நில்லுங்கள், சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைகிறவர்களைப் பார்த்து நீங்களும் நுழையாதீர்கள்.

பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு ராஜாஜி சாலை வழியாக மெரினா போய்ப் பாருங்கள். பீச் ஸ்டேஷன், ரிசர்வ் வங்கி, கோட்டை என்று ஒவ்வொன்றாக வரும். வாரநாளில் ஹாரன் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழாத அந்த ரோட்டில் நம் செயின் சத்தம் நமக்குக் கேட்கும்.

சுடிதார், சேலையில் ஓட்ட முடியுமா?

சுடிதாரில் தாராளமாக. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் கழற்றிக் கூடையில் வையுங்கள். எனக்கு முதல் மாசத்தில் ஒரு தடவை பின்சக்கரத்தில் சுற்றியது. நல்லவேளை, மெதுவாகப் போனதால் துப்பட்டா மட்டும் போனது. பின்சக்கரத்துக்கு வலை மாதிரி ஒரு கார்டு விற்கிறது, போட்டுவிடுங்கள். சேலையில் நான் ஓட்டியதில்லை. ஆனால் எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா குறுக்குக்கம்பி இல்லாத வண்டியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைவிட நன்றாக ஓட்டுகிறார்.

ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது வேர்த்துக் கொட்டாதா?

கொட்டும். பஸ்ஸில் போனாலும் கொட்டும். மெதுவாக மிதித்தால், அதாவது பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில், ஐந்து கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஆபீஸ் பாத்ரூமில் முகம் கழுவி மேல்சட்டை மாற்றிக்கொள்கிறேன். முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள், பாதி வேர்வை குறையும்.

அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்வது? காற்று?

மே மாசம் எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, சாயங்காலம் ஆறுக்கு அப்புறம்தான் கிளம்புவேன். அதுவும் முடியாத நாளில் பஸ்தான். காற்று விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், திருவொற்றியூர் பக்கம் போகும்போது யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும், திரும்பும்போது அதே கை முதுகில். அதனால் அந்த மாசங்களில் முதலில் வடக்கே போய்விட்டு வாருங்கள். போகி அன்று காலையில் மட்டும் வீட்டிலேயே இருங்கள்.

மழையில்?

தூறலில் ஓட்டலாம். ரிம் நனைந்துவிட்டால், அதிலும் இரும்பு ரிம், பிரேக் பிடிப்பதற்கு வழக்கத்தைவிட ரொம்பத் தூரம் எடுக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் தேங்கிவிட்டால் இறங்குங்கள். அடியில் மூடியில்லாத மேன்ஹோலா, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளமா என்று மேலே நின்று தெரியாது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால் அது டிவி செய்தி, அங்கே சைக்கிளோடு போய் நிற்காதீர்கள்.

இந்தப் பக்கத்துக் காற்றை மூச்சு வாங்கி இழுப்பது உடம்புக்கு நல்லதா?

நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல் மின்நிலையங்கள், போதாததற்கு டீசல் லாரி. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியது யாருக்கும் மறந்திருக்காது. துணி முகமூடி தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நான் செய்வது இவ்வளவுதான்: லாரி ரோட்டை விட்டு உள்தெருவில் போகிறேன், மூக்கில் ஏதாவது நெடி ஏறினால் அன்றைக்குத் திரும்பிவிடுகிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மற்றபடி, நாம் சைக்கிளை விட்டுவிட்டால் அந்தப் புகை குறையப்போவதில்லை, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

முழங்கால் வலிக்குதே?

சீட்டு தாழ்வாக இருக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதுதான் என்பது என் கணக்கு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். உயர்த்தினால் நின்றிருக்கும்போது கால் முழுசாகத் தரையில் படாதே என்று பயம் வரும். அதற்குத்தான் முன்னால் இறங்கி நிற்கப் பழகச் சொன்னேன். பின்பக்க வலி இரண்டு வாரத்தில் போய்விடும்.

எடை குறைந்ததா?

மூன்று மாசத்தில் இரண்டு கிலோ. அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தால் திரும்ப வந்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு ஆபீஸ் போய்வருவதிலேயே அது ஓடிவிடுகிறது. படியேறினால் இரைப்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிசு.

ஹெல்மெட், லைசென்ஸ் வேண்டுமா?

இரண்டும் கட்டாயமில்லை. ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி கட்டி வில்லை மாட்ட வேண்டும், ராத்திரி விளக்கில்லாமலோ டபுள்ஸிலோ போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். ஹெல்மெட் நான் போடுகிறேன். அதைவிட முக்கியமாக, பின்னால் சிவப்பு லைட்டும் முன்னால் வெள்ளை லைட்டும் போடுங்கள். ராங் ரூட்டில் வராதீர்கள், பத்தடிதானே என்றாலும்.

தெருநாய் துரத்தினால்?

வேகமாக மிதித்து ஜெயிக்க முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் முக்கால்வாசி நாய்கள் ஆர்வம் இழந்துவிடும்.

திருட்டுப் போகாதா?

சங்கிலிப் பூட்டை இரண்டு சக்கரம், ஃபிரேம், கூடவே ஒரு கம்பம் என்று கோத்துப் பூட்டுங்கள். ஆபீஸ் வாட்ச்மேனைத் தினமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள், எந்தப் பூட்டையும்விட அது உறுதி.

"என்னம்மா, வீட்ல கஷ்டமா? வண்டிய வித்துட்டீங்களா?" என்று கேட்கிறார்களே, என்ன சொல்வது?

என் சித்தியே கேட்டார். இதே நான் பெசன்ட் நகரில் பளபளவென்று உடை மாட்டிக்கொண்டு ஓட்டியிருந்தால் "ஃபிட்னஸா?" என்று கேட்டிருப்பார்கள். தண்டையார்பேட்டையில் கூடை வைத்த சைக்கிள் என்றால் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது "ஆமா சித்தி, ஐந்நூறு ரூபா குடுங்க" என்கிறேன். கேள்வி நின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு சைக்கிளுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணுமா?

நான் வைத்தேன். மகள் பொட்டு வைத்தாள், மெக்கானிக் அண்ணன் தானாகவே வந்து காற்றடித்துக் கொடுத்தார். பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்றும் பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்றும் வைத்து ஏற்ற வேண்டும், ஆனால் சைக்கிளின் எடைக்கு அது நசுங்காது, உருண்டு ஓடும். ஏறி உட்கார்ந்துதான் நசுக்க வேண்டியிருந்தது. சாறு தெறித்தது எதிர்வீட்டு ஆயாவின் கோலத்தில்.